முரட்டு சிங்கிள்கள் எங்கே அதிகம் தெரியுமா?

முப்பதுகளில் இருக்கும் ஜப்பானியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பாலுறவு அனுபவமே கிடையாது, தெரியுமா? கல்யாணம்வரை கட்டுப்பாடாக இருப்பேன் என்று சத்தியம் செய்த அமெரிக்க இளைஞர்களில் நூற்றுக்கு 82 பேர், ஐந்தே வருடத்தில் ‘சத்தியமா? நானா?’ என்று கையை விரித்தார்கள், தெரியுமா? அதே அமெரிக்காவில் 45 பெண்கள், ‘கன்னியாக இருக்கும்போதே கர்ப்பமானேன்’ என்று பொருள்படும் விவரங்களை ஆய்வாளர்களிடம் கொடுத்திருக்கிறார்கள், இதாவது தெரியுமா?

‘இதுவரை அனுபவமே இல்லாதவர்கள் எத்தனை பேர்?’ என்று உலகம் முழுக்கக் கேட்டால் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் பதில் தாறுமாறாக மாறுகிறது. ஒரு ஊர்க்காரர்களுக்கு ஆசை அதிகம், இன்னொரு ஊர்க்காரர்களுக்குக் குறைவு என்பதாலா? அதுதான் இல்லை! கல்யாண வயது என்ன, மாதச் சம்பளம் எவ்வளவு, ஊரில் ஆணும் பெண்ணும் சரிசமமாக இருக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேள்வியை யார், எப்படிக் கேட்டார்கள் என்பவைதான் இந்த எண்ணைத் தூக்குகின்றன, இறக்குகின்றன. வாருங்கள், ஒரு சுற்று சுற்றி வருவோம்.

ஜப்பானில் எண் ஏறிக்கொண்டே போகிறது, தெரியுமா?

டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரை ஜப்பான் அரசு நடத்திய மக்கள்தொகை ஆய்வுகளை அலசி 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1987-இல் 30 முதல் 34 வயதுப் பெண்களில் 6.2 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 8.8 சதவீதம் பேருக்கும் எதிர்பாலினத்தாரோடு பாலுறவு அனுபவம் இல்லை. 2015-இல்? பெண்கள் 11.9, ஆண்கள் 12.7! நாற்பதைத் தொடப்போகும் 35-39 வயதுக்காரர்களிலும் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். கல்யாணமாகாத 18-34 வயதுக்காரர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 2015-இல் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 44 சதவீதம்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கல்யாணமானவர்களிடம் இந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. தாலி ஏறிவிட்டால் அனுபவம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். தன்பாலின உறவில் மட்டும் இருப்பவர்களோ ‘அனுபவமில்லாதவர்’ கணக்கில் போய் விழுந்திருப்பார்கள். அப்படியென்றால் உண்மையான எண்? அது கேள்வித்தாளைத் தயாரித்தவர் எந்த இடத்தில் கோடு போட்டார் என்பதைப் பொறுத்தது!

சம்பளச் சீட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?

அதே ஜப்பானிய ஆய்வில்தான் இந்த வெடிகுண்டும். 25 முதல் 39 வயது ஆண்களில், மிகக் குறைந்த வருமானக்காரர்கள் அனுபவமில்லாமல் இருக்கும் வாய்ப்பு, மிக அதிக வருமானக்காரர்களைவிட 10 முதல் 20 மடங்கு அதிகம்! நிரந்தர வேலையில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், பகுதிநேர வேலை, தற்காலிக வேலை பார்ப்பவர்களுக்குச் சுமார் 4 மடங்கு. வேலையே இல்லாதவர்களுக்குச் சுமார் 8 மடங்கு. ‘ஜப்பான் இளைஞர்களுக்குக் காதலில் நாட்டமே போய்விட்டது’ என்று உலகப் பத்திரிகைகள் கட்டுரை கட்டுரையாக எழுதின. ஆனால் கல்யாணமாகாதவர்களிடம் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலானோர் என்றாவது ஒருநாள் கல்யாணம் செய்துகொள்ளத்தான் ஆசைப்படுகிறார்கள். மனசு இருக்கிறது, ‘பையன் என்ன வேலை பார்க்கிறார்?’ என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. இந்தக் கேள்வி நமக்கும் புதிதில்லையே!

‘இன்னும் இல்லை’ வேறு, ‘இந்த வருஷம் இல்லை’ வேறு, தெரியுமா?

‘அமெரிக்க இளைஞர்களில் மூன்றில் ஒருவர் பிரம்மச்சாரி’ என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தால் சட்டென்று நம்பிவிடாதீர்கள். 18-24 வயது அமெரிக்க ஆண்களில் ‘கடந்த ஒரு வருடமாகப் பாலுறவு இல்லை’ என்றவர்கள் 2000-2002 காலத்தில் 18.9 சதவீதம், 2016-2018 காலத்தில் 30.9 சதவீதம். ஏற்றம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் இது அந்த ஒரு வருடக் கணக்கு. காதல் முறிந்தவர், வேலைக்காக ஊர் மாறியவர், பரீட்சைக்குப் படித்தவர் எல்லாரும் இதில் அடக்கம். ‘இன்னும் இல்லை’, ‘இந்த வருஷம் இல்லை’ என்ற இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தலைப்புப் போடாத பத்திரிகை குறைவு!

இன்டர்நெட் தலைமுறை இன்னும் ‘நல்ல பிள்ளை’, தெரியுமா?

கையில் செல்போன் வந்ததும் இளசுகள் கெட்டுக் குட்டிச்சுவராகப் போய்விட்டார்கள் என்று புலம்பும் பெரியவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. 18 வயதுக்குப் பிறகு பாலுறவுத் துணையே இருந்ததில்லை என்ற 20-24 வயது அமெரிக்கர்கள், 1960-களின் கடைசியில் பிறந்த தலைமுறையில் 6 சதவீதம்தான். 1990-களின் தொடக்கத்தில் பிறந்த தலைமுறையில்? 15 சதவீதம்! பள்ளிக்கூட அளவிலும் இதே கதை. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வில், அனுபவமில்லை என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1991-இல் பாதிக்கும் குறைவு, 46 சதவீதம். 2021-இல் அது 70 சதவீதம். கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 2019-இலேயே, எண் 60-ஐத் தாண்டிவிட்டது! அப்பா அம்மா காலம்தான் கட்டுப்பாடான காலம் என்று நினைத்திருந்தால், அமெரிக்காவில் அந்தக் கணக்குத் தலைகீழ்!

நம் நாட்டில் கடிகாரம் கல்யாண மண்டபத்தில் மாட்டியிருக்கிறது, தெரியுமா?

இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வு, 2015-16 சுற்றில் 25 முதல் 49 வயதுக்காரர்களிடம் முதல் பாலுறவின்போது வயது என்ன என்று கேட்டது. பெண்களில் பாதிப் பேர் சுமார் 19 வயதுக்குள், ஆண்களில் பாதிப் பேர் சுமார் 24 வயதுக்குள். சரி, கல்யாண வயது? பெண்களுக்குச் சுமார் 19, ஆண்களுக்குச் சுமார் 24! இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதாவது, இந்தியாவில் ‘அனுபவமில்லாதவர்’ சதவீதம் உயர வேண்டுமானால் ஒழுக்க வகுப்பு எதுவும் வேண்டாம், முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டால் போதும்! ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே அந்த ஐந்து வருட இடைவெளி ஏன்? ஐந்து வயது மூத்த மாப்பிள்ளை தேடும் நம் வழக்கம்தான், வேறென்ன?

மூடிய கவருக்குள் பதில் வாங்கினார்கள், தெரியுமா?

2006-07-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் இளைஞர்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து நடத்தியது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருக்க, ‘கல்யாணத்துக்கு முன்னால் உறவு உண்டா?’ என்று கேட்டால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? அதனால் பேட்டி முடிந்ததும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். உண்டு, இல்லை. இரண்டில் ஒன்றைக் குறி, கவரில் போடு, நீயே ஒட்டு. பேட்டி எடுத்தவருக்கே பதில் தெரியாது! இத்தனை ஏற்பாடும் செய்து கிடைத்த விடை: 15-24 வயது ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 4 சதவீதம் பேர்தான் கல்யாணத்துக்கு முன் உறவு உண்டு என்றார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்க...’ என்று ஆரம்பிப்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

ஒரே கண்டம், மூன்று கணக்கு, தெரியுமா?

ஆப்பிரிக்கா முழுக்க ஒரே மாதிரி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ருவாண்டாவில் பெண்களின் முதல் உறவின் இடைநிலை வயது இருபதைத் தாண்டுகிறது. அக்கம்பக்கத்து நாடுகளைவிட நன்றாகவே தாமதம். நமீபியா, போட்ஸ்வானாவில் கல்யாணம் மிகத் தாமதம், பலர் செய்துகொள்வதே இல்லை. ஆனால் முதல் உறவு அதற்குப் பல வருடம் முன்பே நடந்துவிடுகிறது. நைஜரில் பெண்களுக்குக் கல்யாணமே சுமார் 16 வயதில். அங்கே அனுபவமில்லாத இளம்பெண்கள் குறைவு என்றால் அது சுதந்திரத்தின் அளவுகோல் இல்லை, குழந்தைத் திருமணத்தின் அளவுகோல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே எண். உள்ளே நடந்திருப்பது முற்றிலும் வேறு!

2006-இல் லான்செட் இதழில் 59 நாடுகளின் தகவல்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. உலகமே சின்ன வயதில் உறவு கொள்ள ஓடுகிறது என்ற பொதுவான எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை என்று அது சொல்லிவிட்டது!

கல்யாணமே ஆகாத ஒரு நாடு இருந்தது, தெரியுமா?

1930-கள், 40-களின் அயர்லாந்து. 45 முதல் 54 வயதுக்காரர்களில் குறைந்தது நான்கில் ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை! சாமியார்கள் இல்லை, சாதாரண விவசாயக் குடும்பத்து மனிதர்கள். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைக் கூறுபோடக்கூடாது என்று முடிவுகட்டி, ஒரே மகனுக்கு எழுதிவைத்தார்கள். அந்த மகனும் அப்பா சாவியைக் கொடுக்கும்வரை காத்திருந்தான், சிலசமயம் ஐம்பது வயதுவரை! மற்ற பிள்ளைகள் கப்பலேறினார்கள் அல்லது அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பாதிரியாரின் கண்ணும் ஊரார் வாயும் அவ்வளவு கடுமை. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை மடங்களில் அடைத்துவைத்த இருண்ட பக்கமும் அதே நாட்டுக்கு உண்டு.

பிரம்மச்சரியத்தை வைத்தே ஊர் கட்டினார்கள், தெரியுமா?

1774-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்த ஆன் லீ என்ற பெண்மணி வழிநடத்திய ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ஊர் முழுக்கப் பிரம்மச்சாரிகள்! தம்பதியாக வந்து சேர்ந்தாலும் அண்ணன் தங்கையாகத்தான் வாழவேண்டும். ஒரே கட்டடத்தில் ஆண்களுக்கு ஒரு வாசல், ஒரு படிக்கட்டு. பெண்களுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு! ஆன் லீ பெற்ற நான்கு குழந்தைகளும் சின்ன வயதிலேயே இறந்துபோனவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷேக்கர்கள் பல ஆயிரம் பேராக இருந்தார்கள். பிள்ளை பெறாமல் கூட்டம் எப்படிப் பெருகியது? புதிதாகச் சேர்ந்தவர்களாலும், எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தைகளாலும்தான். இன்று மெய்ன் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம், இரண்டு மூன்று பேர். அவர்கள் செய்த மரநாற்காலிகள் மட்டும் அருங்காட்சியகங்களில் ஜோராக இருக்கின்றன!

சத்தியம் செய்தால் பெண்ணும் ஆணாகலாம், தெரியுமா?

அல்பேனியாவின் வடக்கு மலைப்பகுதியில் ‘பர்னேஷா’ என்று சிலர் உண்டு. வாழ்நாள் முழுக்கக் கன்னியாகவே இருப்பேன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன் ஒரு பெண் சத்தியம் செய்துவிட்டால், அன்றுமுதல் அவர் சமூகத்தின் கண்ணில் ஆண்! கால்சட்டை போடலாம், துப்பாக்கி தூக்கலாம், ஆண்களோடு உட்கார்ந்து புகைக்கலாம், குடும்பத்துக்குத் தலைவராகலாம். ஆண் வாரிசு இல்லாத வீட்டைக் காப்பாற்றவும், பிடிக்காத கல்யாணத்திலிருந்து இரு குடும்பமும் வெட்டிக்கொள்ளாமல் தப்பிக்கவும் இது ஒரு வழி. இன்று மிச்சமிருப்பவர்கள் வெகு சிலர். பெண்ணுக்கு மற்ற கதவுகள் திறந்ததும் இந்தக் கதவு தானாக மூடிக்கொண்டது!

சத்தியம் சர்க்கரைப் பொங்கல் ஆன கதை தெரியுமா?

1993-இல் அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபை ஓர் இயக்கம் தொடங்கியது. கல்யாணம்வரை காத்திருப்பேன் என்று அட்டையில் கையெழுத்து! லட்சக்கணக்கான இளைஞர்கள் போட்டார்கள். பலன்? 2009-இல் ஜேனட் ரோசன்பாம் என்ற ஆய்வாளர், இப்படி உறுதிமொழி எடுத்தவர்களையும், குடும்பம், மதநம்பிக்கை, மனப்போக்கு எல்லாவற்றிலும் அவர்களைப் போலவே இருந்து உறுதிமொழி எடுக்காதவர்களையும் அக்கம்பக்கமாக நிறுத்திப் பார்த்தார். ஐந்து வருடம் கழித்து இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! ஒரு முக்கியமான விஷயத்தைத் தவிர: உறுதிமொழிக்காரர்கள் கருத்தடை சாதனங்களைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். அந்த 82 சதவீத ‘நானா?’ வந்ததும் இந்த ஆய்வில்தான்.

இதைவிட வேடிக்கை, 2001-இல் வந்த இன்னோர் ஆய்வு. சத்தியம் சிலருக்கு நிஜமாகவே பலித்தது, சராசரியாக ஒன்றரை வருடம்வரை தள்ளிப்போனது. எப்போது? பள்ளியில் கொஞ்சம் பேர் மட்டும் சத்தியம் செய்திருந்தால்! எல்லாரும் செய்ய ஆரம்பித்ததும் மவுசு போய்விட்டது. ‘நான் தனி ரகம்’ என்ற கெத்துதான் மருந்தாக வேலை செய்திருக்கிறது!

கன்னித் தாய்மார் 45 பேர், தெரியுமா?

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2013 கிறிஸ்துமஸ் இதழில் ஒரு கட்டுரை. அமெரிக்காவில் பல வருடம் தொடர்ந்து பேட்டி எடுக்கப்பட்ட 7,870 பெண்களின் பதில்களைத் தேதிவாரியாகக் கோத்துப் பார்த்தார்கள். முதல் உறவு இந்த வருடம், முதல் கர்ப்பம் அதற்கு முந்தைய வருடம் என்கிற ரீதியில் 45 பேரின் கணக்கு நின்றது! செயற்கைக் கருத்தரிப்பும் கிடையாது. அவர்களில் பத்துக்கு மூன்று பேர் கற்பு உறுதிமொழி எடுத்தவர்கள். தேவதை வந்தாரோ இல்லையோ, ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: இந்த விஷயத்தில் மனிதர் தரும் பதிலை அப்படியே நம்பமுடியாது!

சிறுநீர் பொய் சொல்லாது அல்லவா? 2011-இல் இன்னொரு ஆய்வு அதையும் சோதித்தது. பால்வினை நோய் இருப்பது பரிசோதனையில் உறுதியான அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல், ‘கடந்த ஒரு வருடமாக எனக்கு உறவே இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்! சிலர் மறைத்திருக்கலாம், சிலருக்கு நோய் பழையதாக இருக்கலாம். எப்படியானாலும், வாய்ச்சொல்லை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் ஓட்டை உண்டு.

ஓடாத மெஷின் உண்மையைக் கறந்தது, தெரியுமா?

ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளியான சோதனை இது. கல்லூரி மாணவ மாணவியரிடம் இதுவரை எத்தனை துணைகள் என்று கேட்டார்கள். பதிலை இன்னொரு மாணவர் பார்த்துவிடக்கூடும் என்ற நிலையில் பெண்கள் சொன்ன சராசரி 2.6. அறையில் தனியாக, பெயர் போடாமல் எழுதச் சொன்னபோது 3.4. கையில் வயர்களை ஒட்டி, ‘இது பொய்யைக் கண்டுபிடிக்கும் மெஷின்’ என்று பயமுறுத்தியபோது 4.4! மெஷின் வேலையே செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது! ஆண்கள்? 3.7, 4.2, 4.0. பெரிய மாற்றமில்லை. பெண் குறைத்துச் சொல்கிறாள், ஏனென்றால் ஊர் அவளைத்தான் எடைபோடுகிறது. இனி எந்த நாட்டின் சதவீதத்தைப் பார்த்தாலும், கேட்டவர் எந்த அறையில் உட்கார்ந்திருந்தார் என்று ஒருமுறை யோசியுங்கள்.

கண்ணாடி போட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம், தெரியுமா?

பிரிட்டனில் 39 முதல் 73 வயதுவரையிலான நான்கு லட்சம் பேரின் தகவல்களை வைத்து 2025-இல் வந்த ஆய்வு: வாழ்நாளில் உறவே கொள்ளாதவர்கள் சுமார் 1 சதவீதம். இவர்கள் சராசரியில் அதிகம் படித்தவர்கள், குடி, புகை குறைவு, சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டவர்கள்! அதே நேரம் தனிமையும் பதற்றமும் கூடுதல். மரபணு வேறுபாடுகள் ஆண்களில் 17, பெண்களில் 14 சதவீதம்தான் விளக்கின. மீதிக்கு வேறு காரணங்கள், வாழ்க்கைச் சூழலும் அதில் உண்டு. பெண்கள் குறைவாக உள்ள பகுதிகளில் இப்படிப்பட்ட ஆண்கள் அதிகம். அப்படியானால் 2020 கணக்கெடுப்பின்படி பெண்களைவிட ஆண்கள் சுமார் 3.49 கோடி அதிகம் உள்ள சீனாவில்? நினைத்தாலே தலை சுற்றுகிறது!

எல்லாரும் வாய்ப்பில்லாமல் காத்திருப்பவர்களும் இல்லை. பிரிட்டனில் 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த பழைய ஆய்வு ஒன்றில், யார்மீதும் ஒருபோதும் பாலீர்ப்பு வந்ததில்லை என்றவர்களும் நூற்றுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களுக்கு இது குறையே இல்லை!

ஊர் அளக்கும் கணக்கு எவ்வளவு தப்பு, தெரியுமா?

2018-இல் இப்சாஸ் நிறுவனம் பிரிட்டன், அமெரிக்க மக்களிடம், ‘உங்கள் நாட்டில் 18-29 வயது ஆண்கள் கடந்த நாலு வாரத்தில் எத்தனை முறை உறவு கொண்டிருப்பார்கள்?’ என்று கேட்டது. இரண்டு நாட்டிலும் பதில்: 14 முறை! நிஜ சராசரி? பிரிட்டனில் 5, அமெரிக்காவில் 4. இளம்பெண்களைப் பற்றிக் கேட்டபோது ஆண்கள் இருபதுக்கும் மேல் என்றார்கள். நிஜம்? அமெரிக்காவில் வெறும் 5! அடுத்தவர் வாழ்க்கை அமோகமாக நடக்கிறது, நாம் மட்டும்தான் பின்தங்கிவிட்டோம் என்ற நினைப்பு இப்படித்தான் வளர்கிறது. இருபத்தெட்டு வயதில் ‘எனக்கு மட்டும்தான் இப்படியோ’ என்று குமைந்துகொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, கணக்கு உங்கள் பக்கம்தான். டீக்கடையில் நண்பர் தன் பராக்கிரமத்தை அளந்துவிட்டால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு முடித்ததும் மூன்றால் வகுத்துவிடுங்கள்!